சில்லில் படிந்த கறுப்பு: பிறேக் தூசியின் வரலாறு

கோடையில் கார் கழுவும்போது எங்கள் வீட்டில் ஒரு வேலை எப்போதும் எனக்குத்தான் வரும்: சில்லுகள். கூரையும் கதவும் ஒரு துடைப்பில் பளிச்சென்று ஆகிவிடும். முன்சில்லுகளின் வளையத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பு மட்டும் லேசில் போகாது. வீதி அழுக்கு என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஒருநாள் அப்பா சொன்னார்: "அது றோட்டுத் தூசி இல்லையடா. பிறேக் தேஞ்ச தூள்."

அப்பாவுக்கு அது தெரிந்திருந்ததில் வியப்பில்லை. 1987இல் கனடா வந்து, ஸ்காபரோவில் ஒரு கராஜில் ஒன்பது வருடம் வேலை செய்தவர். அந்தக் காலத்துக் கார்களில் பின்சில்லுகளுக்கு டிறம் பிறேக். டிறம்மைக் கழற்றினால் உள்ளே ஒரு கைப்பிடி சாம்பல்நிறத் தூள் கிடக்குமாம். கொம்பிறசர் குழாயை நீட்டி ஒரு அடி அடித்தால் எல்லாம் பறந்து, சுத்தமாகிவிடும்.

"அப்ப மாஸ்க்?" என்று கேட்டேன்.

"மாஸ்க் எங்க? மூச்சைப் பிடிச்சுக்கொண்டு அடிக்கிறதுதான்."

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் இந்தத் தூசியின் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன். தேடத் தேட, அது எங்கள் மாகாணத்துக்கும், எங்கள் ஸ்காபரோவுக்கும், நீங்கள் பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஏறிப் போகும் சுரங்க ரயிலுக்கும் வந்து சேர்ந்தது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. முன்னால் சிவப்பு விளக்கு. நிறுத்தினால் அந்த ஓட்டத்தின் சக்தி எங்கே போகும்? அது மறையாது, வெப்பமாக மாறும். ஒரு லீற்றர் தண்ணீரை 20 பாகையிலிருந்து ஏறக்குறைய 70 பாகைக்குச் சூடாக்கப் போதுமான வெப்பம், ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும். சுழலும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பிறேக் பாட் இறுகப் பிடிக்கிறது, உரசுகிறது, சூடேறுகிறது. பென்சில் எழுத்தை அழிக்கும்போது அழிறப்பர் தேய்ந்து தூளாவதுபோல, பாட்டும் தேய்கிறது, தட்டும் தேய்கிறது. நிறுத்தும்போது காரின் பாரம் முன்பக்கம் சாய்வதால் முன்பிறேக்குகளுக்குத்தான் வேலை கூட. முன்சில்லில் கறுப்பு அதிகம் படிவது அதனால்தான்.

தேய்வதைத் தடுக்க முடியாது. எது தேய்கிறது என்பதைத்தான் மனிதர்கள் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் ஹேர்பர்ட் புறூட் என்றொருவர் இருந்தார். இறக்கத்தில் இறங்கும் குதிரை வண்டிகளின் மரத்தாலான பிறேக்கில் விவசாயிகள் பழைய சப்பாத்துத் தோலைக் கட்டி வைப்பதை அவர் கவனித்தார். இதைவிட நல்லதாக ஒன்றைச் செய்யலாம் என்று நினைத்து 1897இல் பிறேக் லைனர் செய்யும் தொழிலைத் தொடங்கினார். தன்னுடைய பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து, 'பெரோடோ' என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் அந்தப் பெயரில் பிறேக் பாட் விற்பனையாகிறது.

புறூட்டின் முதல் லைனர்கள் பருத்தியால் ஆனவை. குதிரை வண்டிக்கு அது போதும். மோட்டார் வண்டிகள் வந்து வேகம் கூடியதும் பருத்தி கருகத் தொடங்கியது. 1908 அளவில் அவர் பருத்திக்குப் பதிலாக அஸ்பெஸ்டஸைப் பயன்படுத்தத் தொடங்கினார். தமிழில் அதற்குக் கல்நார் என்று ஒரு பொருத்தமான பெயர் இருக்கிறது: கல்லிலிருந்து உரிக்கும் நார். நூல்போல நெய்யலாம், நெருப்பில் எரியாது, விலையும் மலிவு. அடுத்த அறுபது எழுபது வருடங்களுக்கு உலகின் கார், லொறி, பஸ் பிறேக்குகளில் பெரும்பாலானவை அதை நம்பியே ஓடின.

அதன் தீமை அப்போது யாருக்கும் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். புறூட் அதைத் தொடுவதற்குப் பத்து வருடம் முன்பே, 1898இல், லூசி டீன் என்ற பெண் தொழிற்சாலைப் பரிசோதகர் பிரித்தானிய அரசுக்கு எழுதிய அறிக்கையில் அஸ்பெஸ்டஸ் தூசி உடல்நலத்தைக் கெடுக்கிறது என்று குறிப்பிட்டிருந்தார். நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது அது கண்ணாடிச் சிதறல்போலக் கூராக இருந்தது என்பதும் அதில் இருக்கிறது. பிரித்தானியாவில் பெண் பரிசோதகர்கள் நியமிக்கப்படத் தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்த காலம் அது. அறிக்கை அச்சாகியது, அவ்வளவுதான். 1924இல் றொச்டேல் நகரில் அஸ்பெஸ்டஸ் நூற்கும் வேலை செய்த நெல்லி கேர்ஷோ என்ற பெண் 33 வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலைப் பரிசோதித்த வைத்தியர் எழுதிய கட்டுரைதான் அந்த நோயை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அதன் பிறகும் பிறேக்குகளில் அஸ்பெஸ்டஸ் கூடியதே தவிரக் குறையவில்லை.

கனடா இந்தக் கதைக்குள் வருவது கியூபெக் வழியாக. மொன்றியலுக்குக் கிழக்கே ஒரு ஊருக்குப் பெயரே 'அஸ்பெஸ்டஸ்'. அங்கிருந்த ஜெப்ரி சுரங்கம் உலகிலேயே பெரிய அஸ்பெஸ்டஸ் குழிகளில் ஒன்று. 1949 ஜனவரியில் பேர்ட்டன் லெடூ என்பவர், தூசியால் நுரையீரல் கெட்டுச் செத்துக்கொண்டிருந்த கியூபெக் தொழிலாளரைப் பற்றி 'லு டெவுவார்' பத்திரிகையில் எழுதினார். அடுத்த மாதமே அஸ்பெஸ்டஸிலும் தெட்பேட் மைன்ஸிலும் ஏறத்தாழ 5,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள், அதோடு தூசியைக் கட்டுப்படுத்தவும் கேட்டார்கள். மாகாண முதல்வர் மொறீஸ் டூப்ளெசி கம்பனியின் பக்கம் நின்று பொலிசை அனுப்பினார். மொன்றியல் பேராயர் ஜோசப் ஷார்போனோ தேவாலயங்களில் தொழிலாளருக்காகக் காசு சேர்க்கச் சொன்னார். நாலு மாதத்துக்கு மேல் நீண்ட அந்தப் போராட்டத்தைப் பற்றி 1956இல் ஒரு நூல் வந்தது. அதைத் தொகுத்த இளைஞர் பியேர் ட்ரூடோ, பிற்காலப் பிரதமர். கனடாவின் தொழிலாளர் வரலாற்றில் இந்த வேலைநிறுத்தத்துக்குத் தனி இடம் உண்டு. ஆனால் பாடசாலையில் அதை நான் படித்தபோது 'தூசி' என்ற சொல்லை யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஒன்ராறியோவிலும் அந்தத் தூசி இருந்தது. வின்ட்சரில் பிறேக் செய்த பென்டிக்ஸ் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் அஸ்பெஸ்டஸுக்கு எதிராகக் குரல் கொடுத்தார்கள், 1980இல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஸ்காபரோவின் தென்கிழக்கு மூலையில், போட் யூனியன் வீதியின் ஏரிக்கரைப் பக்கம், ஜோன்ஸ்-மான்வில் தொழிற்சாலை இருந்தது. அங்கே செய்தது பிறேக் அல்ல, அஸ்பெஸ்டஸ் சீமெந்துக் குழாய். ஆனாலும் அதை இங்கே சொல்லாமல் போக முடியாது. மாகாணத் தொழில் அமைச்சின் வைத்தியர் மரே பிங்கெல்ஸ்டைன் அந்தத் தொழிலாளர்களின் இறப்புகளைக் கணக்கெடுத்து 1983இல் வெளியிட்டபோது, நீண்டகாலம் வேலை செய்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் எவ்வளவு பயங்கரமாகக் கூடியிருந்தன என்பது வெளியே வந்தது. மீசோதீலியோமா என்பது நுரையீரலைச் சுற்றியுள்ள மென்சவ்வில் வரும் புற்றுநோய். நார் உள்ளே போய் 20 தொடக்கம் 50 வருடங்கள் கழித்துத்தான் அது தலைகாட்டும். ஒன்ராறியோ அரசு 1980இல் ஸ்டெபான் டூப்ரேயின் தலைமையில் ஒரு அரச ஆணைக்குழுவை அமைத்தது, 1984இல் அதன் அறிக்கை வந்தது. தொழிற்சாலை நின்ற இடத்தில் இப்போது வீடுகள். றூஜ் ஹில் கோ ரயில் நிலையத்துக்குக் கிட்டத்தான். அந்தப் பக்கம் எத்தனையோ பிறந்தநாள் விழாக்களுக்குப் போயிருக்கிறேன்.

வருடங்களை ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். ஆணைக்குழுவின் அறிக்கை 1984இல். கராஜ் தொழிலாளருக்கென்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு வழிகாட்டிக் கைநூலை 1986இல் வெளியிட்டது. பிறேக் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடவே கூடாது, ஈரப்படுத்தியோ விசேட வடிகட்டி உள்ள உறிஞ்சியாலோ எடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். அப்பா கொம்பிறசர் குழாயைக் கையில் எடுத்தது 1987இல். அந்தக் கராஜின் சுவரில் இதைப்பற்றி ஒரு காகிதம்கூட ஒட்டியிருக்கவில்லை. ஒட்டியிருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்திருக்கும்.

நியாயமாகச் சொல்லவேண்டிய ஒன்றும் இருக்கிறது. பிறேக் பிடிக்கும் வெப்பத்தில் அஸ்பெஸ்டஸ் நாரின் பெரும்பகுதி வேறு கனிமமாக மாறிவிடுகிறது. அதனால் தூளில் மிஞ்சும் நார் குறைவு. சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர்களின் நிலை சந்தேகத்துக்கு இடமில்லாதது. கராஜ் தொழிலாளரை மட்டும் எடுத்துப் பார்த்த ஆய்வுகளோ ஒரே குரலில் பேசவில்லை. அப்பாவுக்கு இருமல் வந்தால் நான் கூகிளைத் திறப்பதில்லை, வைத்தியரிடம் கூட்டிப்போகிறேன். முன்பு என்ன வேலை செய்தார் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லச் சொல்கிறேன். உங்கள் அப்பாவோ மாமாவோ அந்தக் காலத்தில் கராஜில் நின்றவர் என்றால் நீங்களும் அதைச் செய்யலாம்.

கனடா இதைத் தடைசெய்த கதை பெருமைப்படக்கூடியதல்ல. உள்நாட்டில் பயன்பாடு சுருங்கிய பின்னும், இந்தியா உட்பட ஆசிய நாடுகளுக்குக் கியூபெக் அஸ்பெஸ்டஸை விற்றுக்கொண்டேயிருந்தது. ஊரில் அம்மம்மா வீட்டுக் குசினிக்குப் போட்டிருந்த அஸ்பெஸ்டஸ் சீற்றும் இதே கனிமத்தால் ஆனதுதான். ஆபத்தான பொருட்களை ஏற்றுமதி செய்யும்போது வாங்கும் நாட்டுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும் என்கிறது றொட்டர்டாம் உடன்படிக்கை. அதன் பட்டியலில் வெள்ளை அஸ்பெஸ்டஸைச் சேர்ப்பதை 2011இலும் கனடா தடுத்தது. 2012இல்தான் அந்த எதிர்ப்பைக் கைவிட்டது. அஸ்பெஸ்டஸையும் அது கலந்த பொருட்களையும் தடைசெய்யும் விதிகள் 2018 டிசம்பர் 30இல் நடைமுறைக்கு வந்தன. அதுவரை அஸ்பெஸ்டஸ் கலந்த பிறேக் பாட்கள் சட்டப்படியே இறக்குமதியாகிக்கொண்டிருந்தன. அந்த ஊர்க்காரர்கள் 2020இல் வாக்களித்து ஊரின் பெயரை 'வால்-டெ-சூர்ஸ்' என்று மாற்றிக்கொண்டார்கள்.

சரி, அஸ்பெஸ்டஸ் போனபிறகு அந்த இடத்துக்கு எது வந்தது? இரும்பு நார், செம்பு, பேரியம் கலந்த பரைட் தூள், பிசின், கிரபைட் என்று ஒரு கலவை. செம்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும், பிறேக் கீச்சிடாது. ஆனால் தேய்ந்த செம்பு மழைத் தண்ணீரோடு ஆற்றுக்குப் போகிறது. செம்பு கலந்த தண்ணீரில் சால்மன் மீன்களின் மணம் அறியும் திறன் குறைந்துவிடும். ஆபத்தை அறிவதற்கும் வழி கண்டுபிடிப்பதற்கும் அந்த மீன்களுக்கு மூக்குத்தான் துணை. அமெரிக்காவில் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2010இல் சட்டம் போட்டு, பிறேக் பாட்களில் செம்பைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னதற்கு நீர்நிலைகளில் சேர்ந்த செம்புதான் காரணம். தொழிலாளிக்காக ஐம்பது அறுபது வருடம் நகராத விஷயம் மீனுக்காகக் கொஞ்சம் வேகமாக நகர்ந்ததோ என்று எனக்கு ஒரு குறும்பு எண்ணம் வரும். மீன் வாழட்டும்.

பிறேக் என்பது காருக்கு மட்டும் உரியதல்ல. ரொறன்ரோவில் அதிகமானோர் பிறேக் தூசியை நெருங்கி நின்று சுவாசிக்கும் இடம் வீதிகூட இல்லை, சுரங்க ரயில் மேடை.

யங் சுரங்க ரயில் 1954 மார்ச் 30இல் திறக்கப்பட்டது, கனடாவின் முதலாவது. நான் பல்கலைக்கழகம் போன காலத்தில் வோர்டன் நிலையத்தில் ஏறுவேன். ரயில் வரும்போது சுரங்கத்திலிருந்து முதலில் ஒரு காற்று வரும், அதோடு ஒரு இரும்பு வாசம். அந்த வாசம் எனக்குப் பிடிக்கும் என்றுகூட ஒருகாலத்தில் நினைத்திருக்கிறேன்.

கனடிய சுகாதார அமைச்சின் ஆய்வாளர்கள் ரொறன்ரோ, மொன்றியல், வன்கூவர் மூன்றிலும் ரயில் பயணிகள் சுவாசிக்கும் காற்றை அளந்து 2017இல் வெளியிட்டார்கள். அவர்கள் அளந்தது 2.5 மைக்கிரோமீற்றரும் அதைவிடச் சிறியதுமான நுண்துகள்களை. தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கு வடிகட்டாது, நுரையீரலின் அடிவரை போகும். மூன்று நகரங்களிலும் ரொறன்ரோதான் மோசம்: சுரங்கத்துக்குள் இருந்த அளவு வெளியே இருந்ததைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. துகள்களில் பெரும்பகுதி இரும்பு. சில்லும் தண்டவாளமும் உரசுவதாலும் பிறேக்காலும் வருவது. மொன்றியலின் ரயில்கள் றப்பர் ரயரில் ஓடுபவை. அவற்றின் பிறேக் கட்டைகள் மஞ்சள் பேர்ச் மரத்தால் செய்து நிலக்கடலை எண்ணெயில் ஊறவைத்தவை! அவசரமாக நிறுத்தினால் கடலை வறுக்கும் வாசம் வரும் என்பார்கள்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது 2021இல் வெளிவந்த தொடர் ஆய்வு. 2011க்கும் 2018க்கும் இடையில், ஒரு தடத்தின் ரயில்கள் முழுவதையும் புதிதாக மாற்றியிருந்தார்கள். அந்தத் தடத்தின் நிலக்கீழ் மேடைகளில் நுண்துகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இன்னொரு தடத்தில் அதே காலத்தில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகக் கூடியிருந்தது. அந்தத் தடத்தில் ரயில்கள் அவசர பிறேக் போடுவது அதிகரித்திருந்தது. அதுதான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்தக் கோளாறு சரிசெய்யப்பட்ட அதே சமயம் தூசியும் பெரிதாகக் குறைந்தது. புதிதாகத் திறந்த இரண்டு நிலையங்களில், திறந்து ஒரு வருடத்துக்குள்ளேயே, 1963இல் கட்டிய பக்கத்து நிலையங்களுக்குச் சமமான தூசி.

இந்தக் கடைசி வரியை மறுபடி படித்துப் பாருங்கள். நாங்கள் எல்லோரும் நினைத்தது, அது பழைய சுரங்கத்தில் அறுபது வருடமாகச் சேர்ந்த பழைய தூசி, என்ன செய்வது என்று. அப்படி இல்லை. பெரும்பாலும் அன்றன்றைக்கு உண்டாகும் புதுத் தூசி. ஆகவே உண்டாக்குவதைக் குறைத்தால் குறையும். ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவு 2020 ஜனவரியில் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. சுரங்க ரயிலால் நகரத்துக்கு நன்மையே அதிகம், ஆனால் தூசியைக் குறைக்க ரி.ரி.சி. நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றது அது. எனக்கும் அதே கருத்துத்தான். இதைப் படித்துவிட்டுக் காருக்கு மாறிவிடாதீர்கள். ஒரு மேடையில் ஐந்து நிமிடம் நிற்கும் உங்களைவிட, எட்டு மணிநேரம் அங்கேயே வேலை செய்பவரைப் பற்றித்தான் முதலில் யோசிக்கவேண்டும்.

இந்த உலோகத் தூசி உடம்பில் என்ன செய்கிறது? இரும்பும் செம்பும் நுரையீரலின் ஈரத்தில் பட்டதும், உயிரணுக்களைத் தாக்கும் ஒட்சிசன் சேர்மங்கள் உருவாக வழிசெய்கின்றன. நுண்துகளில் உள்ள இரும்பையும் செம்பையும் ரொறன்ரோ மக்களின் இதயநோயோடு ஒப்பிட்ட ஒரு ஆய்வும் 2021இல் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதை அது காட்டியது. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்கள் வெவ்வேறு பிறேக் பாட்களின் தூசியை நுரையீரல் உயிரணுக்களில் போட்டுப் பார்த்து 2025இல் எழுதினார்கள். மிக மோசமானது, அஸ்பெஸ்டஸுக்குப் பதிலாக வந்த, செம்பு அதிகம் உள்ள வகை. டீசல் புகைத் துகளைவிடவும் கெடுதல். ஆய்வுகூட உயிரணு வேறு, மனிதர் வேறு என்பதை மறக்கவேண்டாம். ஆனாலும் அதைப் படித்த அன்று எனக்கு லூசி டீன் ஞாபகம்தான் வந்தது.

புகைக்குழாய்க்குப் பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. பிறேக்குக்கு இப்போதுதான் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'யூரோ 7' விதிகள் 2024இல் நிறைவேறின. சாதாரணக் கார் ஒன்று ஒரு கிலோமீற்றருக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் பிறேக் துகள் உதிர்க்கக்கூடாது, மின்காராக இருந்தால் 3 மில்லிகிராம். 2026 நவம்பர் இறுதியிலிருந்து புதிய வகைக் கார்களுக்கு அது பொருந்தும். மின்காருக்கு ஏன் குறைவு? வேகத்தைக் குறைக்கும்போது அதன் மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, ஓட்டத்தின் சக்தியைத் திரும்ப மின்கலத்துக்கு அனுப்பிவிடும். பாட்டுக்கு வேலை குறைவு. நாள்முழுக்க 4,00,000க்கு மேல் வாகனங்கள் ஓடும் எங்கள் 401 நெடுஞ்சாலைக்கு அது நல்ல செய்தி. பாரம் கூடிய கார் ரயரை அதிகம் தேய்க்கும் என்பது வேறு கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

போன கிழமை காரைக் கழுவினோம். அப்பாவுக்கு இப்போது முழங்கால் நோவு, கதிரையைப் போட்டு இருந்துகொண்டு மேற்பார்வை. நான் உலர்ந்த பிரஷை எடுத்துச் சில்லைத் தேய்க்கப் போனேன்.

"முதல்ல தண்ணி அடி," என்றார். "ஈரமாக்கிப்போட்டுத் தேய்."